ஐம்பத்தொன்பது பேர் நடந்த செபமாலை

எங்கள் உபதேசியாருக்கு ஆட்களை எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணியதை நம்பத்தான் தெரியாது. கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர் அவர். கார்த்திகை பிறந்துவிட்டால் வலியதுறையிலிருந்து கோட்டாறு வரைக்கும் கடற்கரை வழியாக ஐந்து நாள் நடைத் திருயாத்திரை கூட்டிப்போகிறவரும் அவர்தான். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய ஒரு புனிதர், கையில் மணியை ஆட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டபடி ஊர் ஊராக நடந்த வழி அது. எங்கள் பக்கத்தில் அவரைப் புண்ணியாளன் என்றுதான் சொல்வார்கள். புண்ணியாளன் தண்ணீர் குடித்த கிணறு, உட்கார்ந்த பாறை, சாய்ந்துகொண்ட தென்னை என்று உபதேசியார் மைலுக்கு இரண்டு இடம் காட்டுவார். அத்தனை இடத்திலும் உட்கார்ந்தவருக்கு நடக்க எப்போது நேரம் கிடைத்தது என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

முந்தின வருஷம் அவர் கூட்டிப்போனதில் ஓர் ஆளை வழியில் ஏதோ கள்ளுக்கடையில் விட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம்தான் கவனித்தாராம். அந்த அவமானத்தில் அவர் கண்டுபிடித்ததுதான் நடக்கும் செபமாலை; அவர் வாயில் அது கொந்த. செபமாலையில் மாதாவிடம் சொல்லும் செபத்துக்கு ஐம்பத்துமூன்று சின்ன மணி, பரலோக மந்திரத்துக்கு ஆறு பெரிய மணி. ஆக ஐம்பத்தொன்பது பேர்; அதற்கு மேல் ஒருவரையும் சேர்க்கமாட்டார். ஆளுக்கு ஒரு மணி; பத்துச் சின்ன மணி சேர்ந்தால் ஒரு பத்து. ஒவ்வொரு இடத்தில் இளைப்பாறிவிட்டுக் கிளம்பும்போதும் ஒரு சுற்று செபமாலை நடக்கும். முறை வரும்போது இன்னாருக்காக என்று கருத்தைச் சொல்லி, செபத்தின் முதல் பாதியை அந்த ஆள் தனியாகச் சொல்லவேண்டும். மறுபாதியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். எங்காவது சத்தம் வராமல் போனால் அந்த மணியைத் தேடவேண்டும் என்று அர்த்தம். செபமும் ஆயிற்று, தலை எண்ணியதும் ஆயிற்று.

கருத்தை முதல் நாளே சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும், கடைசி வரை மாற்றக்கூடாது. அது சொந்தக் காரியமாகவும் இருக்கக்கூடாது, பொதுவாக இருக்கவேண்டும். சொந்தக் காரியம் இல்லாமல் ஐந்து நாள் வெயிலில் யார் நடப்பார்கள்? ஆகவே எல்லோரும் தங்கள் காரியத்துக்குப் பொதுச் சட்டை மாட்டிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் நடந்த ஓர் அக்கா "குடிக்கிறவங்களுக்காக" என்று உரக்கச் சொல்ல, அடுத்த மணியான அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு "வீட்டுல சமாதானம் இல்லாதவங்களுக்காக" என்பார். மூன்றாம் பத்தில் நான்காவது மணி அம்மா. ஐந்தாவது மணி நான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நான் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. அம்மா, கடலில் இருக்கிறவர்களுக்காக.

அப்பா கடலில் இருந்தார். அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வோம்.

அவர் தெற்கே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து விழிஞத்துக்குப் பிழைக்க வந்தவர். அந்த வருஷம் ஆடியில் மூன்று பேர் ஒரு வள்ளத்தில் போனார்கள். வள்ளம் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். மற்ற இரண்டு பேரும் அந்த வாரத்துக்குள்ளேயே உடலாகக் கரை சேர்ந்தார்கள். அப்பா எந்த வகையிலும் வரவில்லை. கப்பல்காரர்கள் தூக்கிக் காப்பாற்றி மாலத்தீவில் இறக்கிவிட்டிருப்பார்கள் என்றார்கள். நடக்காத காரியம் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படி நாலு மாதம் கழித்து வந்து, தன் படத்துக்குப் போட்டிருந்த மாலையைத் தானே கழற்றியிருக்கிறார். அப்பா காணாமல் போன பிறகு இரண்டு தடவை ஆட்கள் வந்து, இன்ன கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து பார் என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் எந்தக் கரை என்று காதில் வாங்கிக்கொள்ளவும் இல்லை, வாசலைத் தாண்டவும் இல்லை. "எனக்க ஆளுக்கு நீந்தத் தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். நவம்பர் மாதம் கோயிலில் மரித்தவர்கள் பெயரை எழுதித்தரச் சொன்னபோதும் எழுதிக்கொடுக்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு தமிழ்க்காரர் மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலைக்குப் போனாள். சாயங்காலம் இருமிக்கொண்டே பஸ்ஸில் திரும்பி வருவாள். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒருநாள், நாம் புண்ணியாளன் வழியில் நடக்கப் போகிறோம், நேர்ச்சை என்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். நேர்ச்சை முடிகிறவரை வெளியே சொன்னால் பலிக்காது என்றாள். எனக்கும் அது தெரிந்ததுதான்.

முதல் நாள் நடந்து விழிஞம் வந்து எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சாவியை எதிர்வீட்டுச் சேச்சியிடம் கொடுத்திருந்தோம். "ஆராவது வந்தாங்களா?" என்று அம்மா கேட்டாள். சேச்சி இல்லை என்று தலையாட்டினாள். சாவியை வாங்காமலே திரும்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் காலை வந்த முதல் ஊரில்தான் அது தொடங்கியது. எல்லோரும் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அம்மா என் காதருகே குனிந்தாள். "மோளே, நான் இச்சிரி பின்னால வாறேன். எனக்க மணியும் நீ சொல்லிரு. ஆரும் கேட்டா ஒண்ணும் பறயண்டாம்." சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அவளுக்கு வயிற்றுக்குச் சரியில்லை, அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். கோயிலுக்குப் பின்னால் இருந்தது கல்லறைத் தோட்டம். அங்கே பெயர் எழுதாத சிலுவை புதிதாக ஏதாவது நட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். கோயில் வேலை பார்க்கும் கப்பியாரைப் பிடித்து, ஆடிக்குப் பிறகு ஆள் தெரியாத உடல் எதையாவது அடக்கினீர்களா என்று கேட்பாள். கூப்பிட்டபோது போகாதவள், கூப்பிடாமல் தேடினாள். அவ்வளவு பேர் நடுவே யாத்திரைக்காரியாகப் போய்த் தேடினால் அது தேடியதாக ஆகாது என்று நினைத்தாளோ என்னவோ. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், எனக்கு இரண்டு மணி கிடைத்துவிட்டது என்பதுதான்.

அம்மாவின் குரல் கட்டைக் குரல். மிளகாய் நெடியில் இன்னும் கட்டிப்போயிருந்தது. வெயிலுக்குப் போட்டிருந்த முக்காட்டுத் துணியை வாயில் வைத்துக்கொண்டு, தாடையைக் கழுத்தில் அழுத்திச் சொன்னால் அதே குரல் எனக்கு வந்தது. "கடலில் இருக்கிறவங்களுக்காக" என்று சொல்லி முடித்து, ஒரு மூச்சு விட்டு, என் குரலில் பரீட்சைப் பிள்ளைகளுக்குத் தாவுவேன். குடிக்கிறவங்களுக்காக வேண்டிக்கொள்ளும் அக்கா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பின்னால் மெல்ல வருகிறாள் என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம். அரை மணி நேரத்தில் அம்மா ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். அடுத்த ஊரிலும் அப்படியே. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு இவ்வளவு நல்ல வேஷம் கிடைத்ததில்லை.

மத்தியானம் தாண்டி பூவாறு பொழிக்கு வந்தோம். பொழி என்றால் ஆறு கடலில் விழும் இடம். அங்கே வள்ளத்தில்தான் அக்கரை போகவேண்டும். தென்னந்தோப்புக்குள் ஒரு சின்னக் கோயில் தெரிந்தது. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுத் தோப்புக்குள் போனாள். அந்த அழுத்தலுக்கு என்ன அர்த்தம் என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

பத்துக்கு ஒரு வள்ளம் என்று உபதேசியார் திட்டம் போட்டிருந்தார். வள்ளக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கனம் பார்த்து இங்கே இரண்டு பேர், அங்கே மூன்று பேர் என்று பிடித்து ஏற்றினார்கள். மூன்றாம் பத்து நாலு வள்ளத்தில் சிதறியது. யார் எதில் இருக்கிறார்கள் என்று தெரியாததால் உபதேசியார் கடைசி வள்ளத்தில் எழுந்து நின்று செபமாலையைத் தொடங்கினார். தண்ணீருக்கு மேல் ஒவ்வொரு மணியாக வள்ளம் விட்டு வள்ளம் கேட்டுக்கொண்டு வந்தது. நான் அணியத்தில், வள்ளத்தின் முன்நுனியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பத்து வந்தது. மூன்றாவது மணி முடிந்தது. அம்மா இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தால் வள்ளங்கள் நின்றிருக்கும். நான் முக்காட்டுத் துணியை வாயில் வைத்தேன்.

எல்லா மணியும் முடிந்ததும் உபதேசியார் சந்தோஷமாகக் கையைத் தட்டினார். "கொந்த முழுசாச்சு. மாதாவுக்கு ஸ்தோத்திரம், ஒரு மணி குறயல!"

அக்கரையில் இறங்கி மணலில் நின்று பார்த்தேன். கடைசி வள்ளமும் வந்தது, அம்மா வரவில்லை. ஆறு குறுக்கே கிடந்தால் ஓடிவந்து சேர்ந்துகொள்ள முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓவென்று அழுதேன். அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னேன். காலையிலிருந்து எத்தனை தடவை சொன்னாய் என்று உபதேசியார் கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன். அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னை யாரும் திட்டவில்லை. வள்ளம் ஒன்றைத் திரும்ப அனுப்பிவிட்டு எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அம்மா போனது தோப்புக்குள், இவர்கள் ஏன் அலையைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. புருஷனைக் கடலில் விட்ட ஒருத்தியைக் கடற்கரையில் காணவில்லை என்றால் பெரியவர்கள் முதலில் எங்கே பார்ப்பார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதை அவர்களுக்குக் கொடுத்தது நான்தான்.

வெயில் சாய்கிற நேரம் வள்ளம் திரும்பி வந்தது. அம்மா நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை முழங்கால்வரை மண்ணாக இருந்தது. முந்தானை நுனியில் எதையோ முடிந்து, அதைக் கைக்குள் பிடித்திருந்தாள். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் உபதேசியாரிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "திரும்பிப் போவமா மோளே? நான் ஜீப்பு பிடிக்கேன்" என்றார். அம்மா, "நடந்து முடிச்சிருதேன், உபதேசியாரே" என்றாள்.

எண்ணிக்கை ஒருமுறை பொய்யாகிவிட்டதால் செபமாலையை முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. எல்லோரும் மணலிலேயே வரிசையாக நின்றார்கள். மூன்றாம் பத்தில் குடிகாரர் வீட்டு அக்கா சொன்னாள், அவள் புருஷன் சொன்னார், பிறகு அம்மாவின் முறை வந்தது.

"மரிச்ச ஆத்துமாக்களுக்காக" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருத்தை மாற்றக்கூடாது என்பது உபதேசியார் போட்ட முதல் சட்டம். காலையிலிருந்து மூன்று தடவை ஒரு பிசகும் இல்லாமல் அவளுக்காகச் சொன்னவள் நான். "அம்மா, தப்பு!" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "கடலில் இருக்கிறவங்களுக்காக."

உபதேசியாரே திருத்தவில்லை. அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா மக்களே, தப்பிப்போச்சு" என்றாள். பிறகு நிமிர்ந்து, "கடலில் இருக்கிறவங்களுக்காக" என்று சொல்லிச் செபத்தைத் தொடங்கினாள். மறுபாதியை எல்லோரும் சேர்ந்து சொல்லவேண்டும். பாதிப்பேருக்குத்தான் குரல் எழும்பியது. அந்த அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா பத்திரமாகத் திரும்பி வந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மீதி வழி முழுக்க, கோட்டாற்றில் கடைசிச் சுற்று வரைக்கும், அம்மா அதையே சொன்னாள். வெகுகாலம் கழித்து, எனக்கே பிள்ளை பிறந்த பிறகு, அன்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறேன். "நீ தப்புண்ணு சொன்ன, நான் திருத்தினேன். வேற எந்து செய்யதுக்கு?" என்றுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

அன்று மாலையிலிருந்து எல்லோருக்கும் என்மேல் பிரியம் பொங்கிவிட்டது. வேண்டாம் என்றாலும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். குடிகாரர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தார். அவர் குடிக்கவே இல்லை. உபதேசியார் தன் கைமணியை என்னிடம் கொடுத்து முன்னால் நடக்கவிட்டார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இவ்வளவு உபசாரம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நான்காம் நாள் காலையில் புரிந்துவிட்டது. அம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். சீப்புக்காக அவள் பையைத் துழாவினேன். செய்தித்தாளில் மடித்து ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. உள்ளே பச்சை நூல்.

அப்பா வலை முடையும் நைலான் நூலில் தானே முடிச்சுப் போட்டுச் செய்து கையில் கட்டியிருந்த செபமாலை அது. பத்து முடிச்சு போடவேண்டிய இடத்தில் பதினொன்று போட்டுவிட்டார். எந்தக் கொம்பனாலும் அவிழ்க்க முடியாத முடிச்சு என்று பெருமை அடித்துக்கொண்டு போட்டதால் அவராலும் அவிழ்க்க முடியவில்லை. "பதினொண்ணாவது ஆருக்கு?" என்று அம்மா கேலி செய்வாள். "அது எனக்க மோளுக்குள்ளது" என்பார். நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. இரண்டாம் முறையும் பதினொன்று. வெயிலில் காய்ந்து வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

தோப்புக்குள் இருந்த அந்தக் கோயிலில், ஆடி மாதம் ஒதுங்கிய ஓர் உடலைப் போலீஸ் எழுதிக்கொண்டு போன பிறகு ஊர்க்காரர்களே அடக்கம் செய்திருக்கிறார்கள். யாராவது கேட்டு வருவார்கள் என்று கப்பியார் அதன் கையில் இருந்ததை ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்திருந்திருக்கிறார். அம்மாவைக் கூப்பிட வந்த ஆட்கள் சொன்ன உடல்களில் ஒன்று அது.

எனக்குத் தோன்றியது வேறு. அப்பாவின் கையை விட்டுப் பிரியாத நூல் அம்மாவிடம் இருக்கிறது. அப்படியானால் அப்பா கொடுத்திருக்கிறார். பொழிக்கரையில் அப்பாவைப் பார்த்துவிட்டாள்! அதனால்தான் நேரமாயிற்று. அதனால்தான் உபதேசியார் துண்டை அவிழ்த்தார், எல்லோரும் மிட்டாய் வாங்கித் தருகிறார்கள். நேர்ச்சை முடிகிறவரை சொன்னால் பலிக்காது, ஆகவே என்னிடம் மறைக்கிறாள். எல்லாம் பொருந்திவந்தது. நான் பொட்டலத்தை இருந்தபடியே மடித்து வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு நானாகவே சொல்லாமல் இருப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்க முடியாமல் மணியைப் பலமாக ஆட்டிக்கொண்டு நடந்தேன். கோட்டாற்றுக் கோயிலில் எல்லோரும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது நான் மட்டும் புண்ணியாளனுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் திரும்பி, கிழக்கேகோட்டையில் மாறி, விழிஞத்தில் இறங்கினோம். நேர்ச்சை முடிந்துவிட்டது. இனி எது தெரிந்தாலும் குற்றமில்லை. அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். எதிர்வீட்டுச் சேச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. "அம்ம எவிடே மோளே?" என்றாள். "வாறாங்க. அப்பாவும் வருவாங்க" என்றேன். அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாவி இங்கேயே இருக்கிறது, அப்படியானால் அப்பா இன்னும் வந்து சேரவில்லை, பின்னால் வருகிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். வீட்டைத் திறந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, பால் சேர்க்காத கட்டன்சாயாவுக்கு மூன்று தம்ளர் தண்ணீர் அளந்து ஊற்றினேன். அப்பாவுக்கு இனிப்பு கூடுதலாக வேண்டும் என்று சர்க்கரை டப்பாவையும் எடுத்து வைத்தேன். தண்ணீர் கொதித்து வற்றத் தொடங்கியது. வாசலில் வந்து எட்டிப் பார்த்தேன். அம்மா தெருமுனையில்தான் வந்துகொண்டிருந்தாள். நாலு எட்டு வைத்து நின்றாள், மறுபடி நாலு எட்டு வைத்து நின்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஐந்து நாள் நடந்த கால், வலிக்காமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.